காராக நின்ற ரொட்டித் தட்டு

என் பெயர் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள், சலவைக்கடை அக்கா என்று கேட்டால்தான் காட்டுவார்கள். வயது ஐம்பத்திரண்டு என்று சொன்னேன். அடையாள அட்டையில் கூடுதலாக இருப்பதாகச் சொல்லப்பட்டதால், அட்டையில் உள்ளதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். சின்னத் தெரு பெரிய சாலையோடு சேரும் சிக்னல் முனையில் கடைசிக் கட்டடம் எங்களுடையது. கீழே சலவைக்கடை, மாடியில் வீடு. துணி தேய்க்கும் மேசை ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருப்பதால், நின்ற இடத்திலிருந்தே சிக்னல் விளக்கும் அதன் முன்னால் வண்டிகள் நிற்க வேண்டிய வெள்ளைக் கோடும் எனக்குத் தெரியும். யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லாமல், டீ வாங்கிக் கொடுக்கப்பட்ட நிலையில், நானாகவே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். டீயில் சர்க்கரை இல்லை.

என் கணவர் ரயில்வே கேட்டில் கேட் மூடித் திறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை இன்றும் கேட்காரர் என்றுதான் அழைப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு, நான் துவைத்துத் தேய்க்கும் துணிகளைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர் பார்க்கிறார். சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி கட்டியிருக்கிறது, துணி நிறைந்தால் அது ஒரு ஆள் கனம் இருக்கும். அவருக்கு வலது முழங்காலில் வலி உண்டு. எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்களான தங்கும் விடுதிக்காரர்களும் பல் டாக்டரும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், அதாவது இந்தக் காவல் நிலையம் இருக்கும் பக்கம், இருக்கிறார்கள். ஆகவே அவர் தினமும் அந்தச் சிக்னலைத் தாண்டியாக வேண்டும்.

அந்தச் சிக்னல் கார் வந்து நின்றால் திறக்கும், சைக்கிள் வந்து நின்றால் திறக்காது. எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பாதி தோண்டிப் போட்டிருப்பதால் கார்கள் வருவது அபூர்வம். மற்ற சைக்கிள்காரர்கள் வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, சிவப்பிலேயே போய்விடுவார்கள். என் கணவர் போகமாட்டார். சிவப்பு எரிந்தால் ஏதோ வருகிறது என்று பொருள், வராவிட்டால் இனிமேல் வரப்போகிறது என்று பொருள், இதுதான் அவர் படித்த ஒரே வேதம். ஏதாவது ஒரு கார் வந்து பின்னால் நிற்கும் வரை ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். ஒரு நாள் விடுதியிலிருந்து போன் செய்து துணி எங்கே என்று கேட்டார்கள். நான் ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, “அவர் எப்பவோ கிளம்பிட்டாரே” என்று சொன்னேன். அது பொய் அல்ல.

சிக்னல் கம்பத்தில் நடந்து போகிறவர்கள் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை ஏன் அவர் அழுத்தவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். நானும் அதையே அவரிடம் பல முறை கேட்டிருக்கிறேன். “அதுல நடக்கிற ஆள் படம்தானே போட்டிருக்கு? நான் சைக்கிள்ல இல்ல இருக்கேன்” என்பார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நடக்கிற ஆள்தானே என்றால், “சைக்கிளை வச்சுக்கிட்டு நடக்கிறவன்னு நடிக்கச் சொல்றியா?” என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் மனிதரோடு நான் முப்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். வழக்குக்குத் தொடர்பில்லை என்று சொல்லப்பட்டது. தொடர்பு இருக்கிறது என்று சொன்னேன்.

அப்படியே கார் வந்து பச்சை விழுந்தாலும் அது காருக்கான பச்சை. அந்த நேரத்தில் நான் ஒரு சட்டையின் காலரைத் தேய்க்கலாம். என் கணவர் பெட்டியோடு பெடலை மிதித்து அந்தப் பக்கம் சேர்வதற்கு அந்தச் சட்டையின் இரண்டு கைகளையும் தேய்க்கும் நேரம் வேண்டும். ஆகவே காலர் முடியும்போது அவர் சாலையின் நடுவில் இருப்பார், பெரிய சாலைக்காரர்களுக்குப் பச்சை விழுந்துவிடும். போன மழைக்காலத்தில் அப்படி நடுவில் மாட்டிக்கொண்டபோது ஒரு லாரி அவருக்கு ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டு நின்றது. அவர் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். பெட்டி திறந்து விடுதியின் மேசை விரிப்புகள் எல்லாம் சாலையில் கிடந்தன. பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு மேல் ஒரு வேன் ஏறிப் போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் கோட்டில் விழுந்த டயர் தடம் மூன்று தரம் துவைத்தும் போகவில்லை. பல் டாக்டர் அந்தக் கோட்டை இன்றும் போட்டுக்கொள்கிறார், திரும்பி நின்றால் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்த என் கணவர், “நடுவுல போய் மாட்டிக்கிட்டது என் தப்பு. இன்னும் கொஞ்சம் வேகமா மிதிச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். அதன் பிறகு தினமும் அவர் கிளம்பியதும், அவர் அந்தப் பக்கம் சேரும் வரை நான் எந்தத் துணியையும் தொடுவதில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. சிக்னலை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தீர்களா என்று கேட்கப்பட்டது. இரண்டு முறை கொடுத்தேன். முனையில் வாகன நெரிசல் ஏதும் இல்லாததால் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது.

அதன் பிறகு, சிக்னல் பழுது பார்க்கும் ஊழியர் ஒருவர் தன் சீருடையைத் தேய்க்கக் கொடுக்க வந்தபோது, என் கணவரைக் கண்டால் மட்டும் அந்தச் சிக்னல் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று கேட்டேன். வெள்ளைக் கோட்டருகே தாருக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள் புதைத்திருக்கிறது என்றும், மேலே உலோகம் வந்து நின்றால் அது வண்டி வந்துவிட்டது என்று சிக்னலுக்குச் சொல்லும் என்றும், வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கும் வரை பச்சையையும் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும் என்றும் அவர் விளக்கினார். “சைக்கிள் ஒல்லியா நிக்குதுக்கா, அதுக்குத் தெரியாது. தரையோட தரையா ஒரு தகடு கிடந்தாக்கூட காருன்னு நம்பிடும். அவ்வளவு அப்பாவி” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் யார் என்று கேட்கப்பட்டது. சொல்லமாட்டேன். அவருடைய இன்னும் மூன்று சட்டைகள் என்னிடம் இருக்கின்றன.

அதன் பிறகு பக்கத்துக் கடை ரொட்டிக்காரரிடம், அவர் கழித்துப்போட்டிருந்த பெரிய இரும்புத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கூரை ஒழுகுகிறது, அடியில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். அது ஒரே நேரத்தில் ஒரு தெருவுக்கே பன் சுடும் தட்டு, அதில் ஒரு ஆள் சப்பணம் போட்டு உட்காரலாம். அதன் விளிம்பை எங்கள் வீட்டு மாடியில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். என்ன சத்தம் என்று என் கணவர் கீழே இருந்து கேட்டார். எலி என்று சொன்னேன். அவர் நம்பினார். அவர் என்னை நம்பாமல் இருந்ததே இல்லை என்பதால், அந்த ஒரு பொய் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு வந்த திங்கட்கிழமை, என் கணவர் விடுதிக்குப் போயிருந்த நேரத்தில், பட்டப்பகலில், குழாய் பதிப்பவர்கள் துவைக்கப் போட்டிருந்த ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் அவர்கள் மறந்துவிட்டுப் போன தொப்பியையும் வைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக் கோட்டருகே கவிழ்த்துப் போட்டு, தெருவில் அவர்கள் காய்ச்சி வைத்திருந்த தாரைச் சுற்றிலும் மேலேயும் பூசினேன். சலவைக்கடையில் ஊரில் உள்ள எல்லா உத்தியோகமும் தொங்கிக்கொண்டிருக்கும், எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஆரஞ்சுச் சட்டை போட்டவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழியாக வந்த ஒரு காவலர் மட்டும், “இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று கேட்டார். “ஒட்டிக்கணும் சார், கொஞ்ச நேரம்” என்றேன். அதன் பிறகு அவர் ஒரு காரையும் இரண்டு ஸ்கூட்டர்களையும் நிறுத்தி, வேறு வழியாகத் திருப்பிவிட்டு, தார் மேல் யாரும் கால் வைக்காமல் பார்த்துக்கொண்டார். அந்தக் காவலர் யார் என்று ஆய்வாளர் கேட்டார். இதை எழுதிக்கொண்டிருக்கும் காவலர்தான் என்று சொன்னேன். அதன் பிறகு பேனா மாற்றுவதற்காகச் சிறிது நேரம் எழுதுவது நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடரப்பட்டது.

மறுநாள் காலையில் என் கணவர் கோட்டில் போய் ஒரு காலை ஊன்றினார். ஊன்றிய கால் சரியாகத் தரையில் படுவதற்குள் பச்சை விழுந்தது. அவர் பெடலை மிதித்து, நடுச் சாலையைத் தாண்டி, அந்தப் பக்கம் சேர்ந்து, பெட்டியைச் சரிபார்த்துக்கொண்ட பிறகும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. நான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சாயங்காலம் வந்து, “இன்னிக்கு ரொம்ப நல்லா விட்டாங்க” என்றார். யார் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆயிற்று. தட்டு காரைப் போல வந்து போகவில்லை, வந்த இடத்திலேயே நின்றது. அதனால் எங்கள் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் பச்சை விழுந்தது, பெரிய சாலையில் வண்டிகள் தேங்கின. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி நடந்து, தங்கள் பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். மனுவுக்குப் பதில் எழுதியவர்கள் கேட்ட நெரிசல் இதுதானே என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் பழுதான கார்களை இழுத்துப்போகும் வண்டி ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. அதன் டிரைவர் கடை வாசலில் இறங்கி, “அக்கா, இங்க ஒரு காரு நாலு நாளா அசையாம நிக்குதாமே, எங்க?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். அவர் தன்னை அனுப்பிய சிக்னல் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் கார் தெளிவாகத் தெரிவதாகவும், அது கோட்டருகே அவருக்கு நேர் எதிரிலேயே நிற்பதாகவும் சொன்னார்கள். “நானே அந்த எடத்துலதாங்க நிக்கிறேன்” என்றார் இவர். அப்படியானால் காருக்குள் இருக்கிறீர்களா என்று அங்கிருந்து கேட்டார்கள். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, தட்டின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தார். நான் அவருக்கு டீ கொடுத்தேன், சர்க்கரை போட்டு. வெறும் கையோடு திரும்பினால் திட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனவர், தெருமுனையில் நிறுத்தியிருந்த பல் டாக்டரின் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பல் டாக்டருக்கு இந்த முனையில் என்ன ராசியோ தெரியவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டேன். “அந்தச் சிக்னல் எனக்குப் பிடிக்கல. யாருமே வராம பச்சை விழுது. காரணம் இல்லாம தொறக்கிற கேட்டு, காரணம் இல்லாம மூடவும் செய்யும்” என்றார். உங்களுக்கு நல்லதாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். “எனக்கு நல்லதா இருக்குதுன்னா மத்தவனுக்குக் கெட்டதா இருக்குதுன்னுதானே அர்த்தம்?” என்றார். மறுநாள், தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் போட்டிருந்த சட்டையை என்னிடமே கொடுத்துத் தேய்த்து வாங்கிப் போட்டுக்கொண்டு, சின்னத் தெருச் சிக்னலில் யாரோ கை வைத்திருப்பதாகவும் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். அந்தப் புகார்தான் இந்த வழக்கு. புகார்தாரர் என் கணவர் என்பதை ஆய்வாளர் இப்போதுதான் கவனித்ததாகச் சொன்னார்.

அதன் பிறகு நேற்றுக் காலை ஊழியர்கள் வந்து தாரைச் சுரண்டித் தட்டைப் பெயர்த்தெடுத்தார்கள். தட்டின் உள்பக்கத்தில் ரொட்டிக்கடையின் பெயர் அச்சாக இருந்ததால் ரொட்டிக்காரரை நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல், தட்டு காணாமல் போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இன்று ரொட்டிக்கடையில் அடுப்புப் பற்றவைக்கவில்லை, எங்கள் தெருவில் யாருக்கும் ரொட்டி இல்லை. ஆகவே இன்று காலை, சட்டைப் பொத்தான் வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நடக்கிறவர்களுக்கான பொத்தானை அழுத்தி, சாலையைக் கடந்து, இங்கே வந்தேன். தட்டைப் போட்டது நான்தான், நான் மட்டும்தான். ரொட்டிக்காரரை அனுப்பிவிட வேண்டும்.

செய்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்கப்பட்டது. பஸ்ஸில் இருந்தவர்களிடமும் பல் டாக்டரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தட்டைப் போட்டதற்கு வருத்தம் இல்லை, அதை எடுத்துவிட்டதற்குத்தான் வருத்தம்.

குற்றவாளி நீங்கள்தான் என்று தெரிந்தால் உங்கள் கணவர் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வாரா என்று ஆய்வாளர் கேட்டார். வாங்கமாட்டார். என்னைப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு எனக்கு ஜாமீன் எடுக்க அவரே அலைவார். அவர் கையெழுத்துப் போடட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு அவர் முதலில் இந்தப் பக்கம் வந்து சேர வேண்டும்.

தட்டை அடையாளம் பார்த்துக் கையெழுத்திட, புகார்தாரரைக் காலை பத்து மணிக்கே வரச் சொல்லியிருப்பதாகவும், மதியம் ஆகப்போகிறது, இன்னும் ஆளைக் காணவில்லை என்றும் ஆய்வாளர் சொன்னார். முன்பக்க ஜன்னலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த காவலர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, எதிரே வெள்ளைக் கோட்டில் தேய்த்த சட்டை போட்ட ஒருவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சைக்கிளில் நிற்பதாகச் சொன்னார். அவர்தான்.

அதன் பிறகு ஆய்வாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். நிலைய ஜீப்பைச் சுற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாக அனுப்பி, அவருக்குப் பின்னால் கோட்டருகே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஹார்ன் அடிக்கக் கூடாது. பச்சை விழுந்து அவர் கிளம்பிய பிறகும் ஜீப் நகரக் கூடாது, அவர் இந்தப் பக்கம் இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். இது எந்த விதியின் கீழ் வரும் என்று ஆய்வாளர் கேட்டார். எனக்கு விதி தெரியாது, ஆனால் தட்டின் மேல் வழக்குப் போட்டால் ஜீப்பின் மேலும் போட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். ஆய்வாளர் சாவியை எடுத்துக் காவலரிடம் கொடுத்தார்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் நான் என் வாயால் சொன்னது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எலி, கூரை, பொத்தான் என்று சொன்ன இடங்கள் தவிர எங்கேயும் நான் பொய் சொல்லவில்லை.

(கையெழுத்து)

எழுதிய காவலரின் குறிப்பு: மேற்படி வேண்டுகோளின்படி ஜீப் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. பச்சை விழுந்தது. புகார்தாரர் சாலையை நிதானமாகக் கடந்து, சைக்கிளைப் பூட்டிவிட்டு, நிலையத்துக்குள் வந்தார். மனைவி அங்கே உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் நேராக ஆய்வாளரிடம் சென்று, பச்சை விழுந்த பிறகும் கிளம்பாமல் ஒரு ஜீப் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது என்று புதிதாக ஒரு புகார் கொடுத்தார். ஜீப்பின் எண்ணையும் சரியாகச் சொன்னார். வாக்குமூலம் கொடுத்தவர் அதைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். தட்டும் ஜீப்பும் செய்த குற்றம் ஒன்றே என்பதால் இரண்டு புகார்களையும் ஒன்றாக இணைத்து, அந்த முனையில் சைக்கிளுக்கும் திறக்கும்படியும் பச்சை நேரத்தைக் கூட்டும்படியும் எழுதி, சிக்னல் அலுவலகத்துக்கு அனுப்ப ஆய்வாளர் உத்தரவிட்டார். ரொட்டிக்காரர் அனுப்பிவைக்கப்பட்டார். பதில் வரும் வரை தினமும் காலையில் ஜீப்பை அந்தத் தெரு வழியாகக் கொண்டுபோகும் பணி எனக்குத் தரப்பட்டுள்ளது.